மலிவு என்று மட்டும் பாராட்டாதீர்கள், ப்ளீஸ்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பினால் போதும், பத்தே நிமிஷத்தில் நம் குடும்ப வாட்ஸப் குழுக்கள் அத்தனையிலும் செய்தி வந்து விழுந்துவிடுகிறது. ரொம்ப சந்தோஷம். விழட்டும். ஆனால் கூடவே வால் மாதிரி இன்னொரு வரியும் வருகிறது: "எவ்வளவு சீப்பா முடிச்சிட்டாங்க பாத்தீங்களா!" என் சண்டையெல்லாம் அந்த வாலோடுதான்.

இது புது வழக்கமும் அல்ல. 2014 ஜூன் 30 அன்று பிஎஸ்எல்வி-சி23 கிளம்பியபோது ஸ்ரீஹரிகோட்டாவுக்கே வந்திருந்த பிரதமர் மோடி, நம் செவ்வாய்ப் பயணத்தின் செலவு 'கிராவிட்டி' என்ற ஹாலிவுட் படத்தின் செலவைவிடக் குறைவு என்றார். அதே வருடம் செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆட்டோக் கணக்கு. அகமதாபாத்தில் ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், நாங்கள் செவ்வாய்க்கு ஏழு ரூபாயில் போனோம் என்று. அரங்கம் அதிர்ந்தது. சொன்னவர் எந்தக் கட்சி என்பதை இங்கே விட்டுவிடுங்கள், எந்தக் கட்சிக்காரர் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கைதட்டியவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். நம் ஆட்கள். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தியர்கள்.

450 கோடி ரூபாயில் மங்கள்யான் போனது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்காமல் மலிவைக் கொண்டாடுவது, மூர் மார்க்கெட்டில் வாங்கின செருப்பை நாலு பேரிடம் தூக்கிக் காட்டுவது மாதிரி. நாலு நாள் கழித்து வார் அறுந்தால்தான் தெரியும் விஷயம்.

மலிவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செய்கிறவனுக்குக் கொடுக்கும் கூலி குறைவு என்பதால் வருகிற மலிவு. இன்னொன்று, செய்கிறவனுக்குத் தெரிந்த வித்தையால் வருகிற மலிவு. முதலாவது நம்மைவிடக் கூலி குறைவான இன்னொருவன் வரும்வரைதான் நிற்கும். இரண்டாவது லேசில் போகாது. சூளூர்பேட்டைக்கு அந்தப்பக்கம் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருப்பது இரண்டாவது வகை வேலை. நாமோ அதை முதல் வகை என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஊர் தெரியாதவர்களுக்காக: சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் சூளூர்பேட்டை லோக்கலில் ஏறினால் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா எல்லாம் தாண்டிக் கொண்டுபோய் விடும். பழைய நெல்லூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். அங்கிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கடந்து போகிறது ரோடு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், சீசனில் பூநாரைக் கூட்டம். ரோடு முடிகிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று சின்னதாக ஒரு ரோகிணி ராக்கெட்டை விட்டுத்தான் அங்கே கணக்கு தொடங்கியது.

சூளூர்பேட்டை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றே ஒன்று, செங்காளம்மா பரமேஸ்வரி கோயில். ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் அங்கே போய்க் கும்பிடும் போட்டோ வந்ததும் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை. 'விஞ்ஞானிக்கு எதுக்குக் கோயில்' என்று ஒரு கோஷ்டி, 'பார்த்தியா, விஞ்ஞானியே கும்பிடுறான்' என்று இன்னொரு கோஷ்டி. வருஷக்கணக்காக இதைப் பார்க்கிறேன். இரண்டு கோஷ்டியிலும் ஒருத்தர்கூட, அந்த ராக்கெட் எதால் செய்யப்பட்டது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் இஷ்டம். ஏரிக்கு அந்தப்பக்கம் என்ன செய்கிறார்கள் என்றாவது தெரிந்துகொண்டு சண்டை போடலாமில்லையா?

நான் பிழைப்பு நடத்துவது உடைந்த உலோகத் துண்டுகளை வைத்துக்கொண்டு. ஒரு பாகம் ஏன் உடைந்தது, எங்கே தொடங்கி உடைந்தது என்று பார்த்துச் சொல்வது வேலை. அதனால் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலில் எரிபொருள். பிஎஸ்எல்வியின் முதல் நிலையில் சுமார் 139 டன் திட எரிபொருள் இருக்கிறது. அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு, அலுமினியத் தூள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க எச்டிபிபி என்ற ரப்பர் பிசின். மாவு மாதிரி கலந்து, இரும்புக் கூட்டுக்குள் வார்த்து, இளஞ்சூட்டில் நாள்கணக்கில் இறுக விடவேண்டும். இட்லி மாவில் காற்றுக்குமிழ் இருந்தால் இட்லி பூப்போல வரும். இங்கே குமிழ் இருந்தால் கதை வேறு. எரிபொருளுக்குள் ஒரு வெற்றிடமோ விரிசலோ இருந்தால், நெருப்பு அங்கே போய்ச் சேரும்போது எரிகிற பரப்பு திடீரென்று கூடும். பரப்பு கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கூடு தாங்காது. அதனால்தான் வார்த்த ஒவ்வொரு துண்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்தப் பிசினுக்காகப் பட்ட பாடு தனிக்கதை. வசந்த் கோவாரிகர் காலத்தில் திருவனந்தபுரத்தில் எதையெல்லாமோ முயன்றிருக்கிறார்கள். ஆமணக்கு எண்ணெயிலிருந்து ஒரு பிசினே செய்தார்கள், பெயர் இஸ்ரோ பாலியால். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான் :-) அம்மோனியம் பெர்குளோரேட்டுக்கு ஆலுவாவில் தனியாக ஆலை. இதில் எது மலிவு? சரக்கு வேண்டுமானால் மலிவாக இருக்கலாம். அதைக் கற்றுக்கொண்ட வருஷங்கள் மலிவல்ல.

அங்கே செத்துப்போனவர்களும் மலிவல்ல. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலையில் தீப்பற்றி 6 பேர் இறந்துபோனார்கள். எந்த ராக்கெட்டும் பறக்கவில்லை, எந்த டிவியிலும் கவுன்ட்-டவுன் ஓடவில்லை, சாதாரண ஒரு வேலை நாள். தீவை ஏவுதளமாக்கியபோது அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த யானாதி மக்கள் பலர் இடம்பெயர வேண்டி வந்தது. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் கணக்கில் இதெல்லாம் எந்தப் பத்தியில் வருகிறது, சொல்லுங்கள்.

அடுத்தது கூடு. எரிபொருளைச் சுமக்கும் அந்தப் பெரிய உருளை மாரேஜிங் ஸ்டீல் என்ற எஃகால் ஆனது. சாதாரண எஃகுக்குப் பலம் கொடுப்பது கரி. இதில் கரி கிட்டத்தட்டக் கிடையாது. பதிலாக 18 சதவீதம் நிக்கல், அதோடு கோபால்ட், மாலிப்டினம், கொஞ்சம் டைட்டானியம். மிருதுவாக இருக்கும்போதே வளைத்து, வெல்டிங் செய்து, அப்புறம் ஏறக்குறைய 480 டிகிரியில் மணிக்கணக்கில் ஊறப்போட்டால் உள்ளுக்குள்ளேயே நுண்துகள்கள் படிந்து எஃகு இறுகிவிடும். அந்தப் பலம் இருப்பதால்தான் சில மில்லிமீட்டர் கனத்திலேயே கூட்டைச் செய்யமுடிகிறது. எல்விஎம்3 ராக்கெட்டின் பக்கவாட்டு பூஸ்டர் ஒவ்வொன்றும் 3.2 மீட்டர் விட்டம், 200 டன்னுக்கு மேல் எரிபொருள். சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று தூக்கிக்கொண்டு போனவை இவைதான்.

இந்த எஃகைக் கடையில் போய் வாங்கமுடியாது. யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்கும் இதே எஃகு ஆகும் என்பதால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஆகவே ஹைதராபாத்தில் 1973-ல் தொடங்கிய மிதானி என்ற அரசு நிறுவனம் அதை உள்நாட்டிலேயே உருக்கக் கற்றுக்கொண்டது. இங்கே படிக்க வந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு என்னவென்று நன்றாகவே தெரியும். எவ்வளவு பெரிய டிகிரி வைத்திருந்தாலும், கிரீன் கார்டு இல்லாமல் அமெரிக்க ராக்கெட் கம்பெனியில் வேலைக்கு நுழைவது குதிரைக்கொம்பு. காரணம் சிம்பிள். இந்த அறிவை யாரும் யாருக்கும் விற்பதில்லை. அவனவன் கற்றுக்கொண்டால்தான் உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கதை. 2013 ஆகஸ்ட் 19. ஜிஎஸ்எல்வி-டி5 கிளம்பத் தயார். உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சின் 2010-ல் ஒருமுறை தோற்றுப்போனதால் எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். கிளம்ப 74 நிமிஷம் இருக்கும்போது நிறுத்தினார்கள். கோளாறு கிரையோஜெனிக் எஞ்சினில் இல்லை. இரண்டாம் நிலையின் எரிபொருள் தொட்டி ஒழுகியது!

ஏன் ஒழுகியது? அந்தத் தொட்டி ஏஃப்னார் 7020 என்ற அலுமினியக் கலவை. துத்தநாகமும் மக்னீசியமும் சேர்த்தது. பலமானதுதான். ஆனால் இந்த ஜாதிக்கு ஒரு சுபாவம் உண்டு. இழுவிசையில் இருந்துகொண்டே இருந்தால், அரிப்பு மெல்ல மெல்ல உள்ளே தின்றுகொண்டே போகும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒருநாள் விரிசல். தகைவு அரிப்பு என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். இஸ்ரோ என்ன செய்தது? ராக்கெட்டைத் திரும்பக் கட்டடத்துக்குக் கொண்டுபோனது. இரண்டாம் நிலையை மாற்றி, செம்பு சேர்த்த 2219 என்ற கலவையில் புதுத் தொட்டி வைத்தது. இந்தக் கலவை அவர்களுக்குப் புதிதல்ல, கிரையோஜெனிக் நிலையின் தொட்டிகளில் இருப்பது அதுதான். 2014 ஜனவரி 5, ராக்கெட் போய்ச் சேர்ந்தது. இந்திய கிரையோஜெனிக் எஞ்சினின் முதல் வெற்றி.

அன்றைக்கு எல்லோரும் எஞ்சினைக் கொண்டாடினோம். அது நியாயம்தான். ஆனால் 7020 போய் 2219 வந்தது என்பதை எத்தனை பேர் பேசினோம்? செயல்முறை ஆராய்ச்சி என்றால் இதுதானய்யா! பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, நோபல் பரிசும் கிடைக்காது. யாரோ சில பேர் சின்னச்சின்ன உலோகத் துண்டுகளை இழுத்துப் பிடித்து உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, எது விரிகிறது எது விரியவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த நோட்டு இருந்தால் நெருக்கடி வரும்போது கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கையைப் பிசையவேண்டியதுதான்.

'அதெல்லாம் சரி, ஏழை நாடு, மலிவாகச் செய்வது நல்லதுதானே' என்பீர்கள். நல்லதுதான். மலிவுக்கு நான் எதிரி அல்ல. எந்த வழியில் மலிவு என்பதுதான் கேள்வி. ஸ்பேஸ்எக்ஸைப் பாருங்கள். அவர்கள் ஊழியருக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தா விலையைக் குறைத்தார்கள்? 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-ன் முதல் நிலையைத் திரும்ப இறக்கினார்கள், 2017 மார்ச்சில் ஒருமுறை பறந்ததையே மறுபடி பறக்கவிட்டார்கள். இன்று ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறது. அலுமினியம்-லித்தியம் தொட்டி அத்தனை தடவை குலுங்கியும் விரியாமல் இருக்கவேண்டும், எஞ்சினின் உலோகம் திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிர்ந்தும் நிற்கவேண்டும். மென்பொருள் சாமர்த்தியம் ஒரு பாதி என்றால் உலோக அறிவு இன்னொரு பாதி. இது வித்தையால் வந்த மலிவு. 'நாங்கதான் உலகத்திலேயே சீப்' என்று நாம் மார்தட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் வேறு வழியாக வந்து முந்திவிட்டார்கள்.

இன்னொரு உதாரணம், ஜப்பான். 1961-ல் ஒசாகா அரசு ஆய்வுக்கூடத்தில் அகியோ ஷிண்டோ என்பவர் பாலிஅக்ரிலோநைட்ரைலில் இருந்து கார்பன் இழை செய்யும் வழியைக் காட்டினார். டோரே கம்பெனி 1971-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விமானக் கம்பெனி எதுவும் வரிசையில் நிற்கவில்லை. வாங்கியவர்கள் மீன்பிடிக்கிறவர்களும் கோல்ஃப் ஆடுகிறவர்களும்தான், தூண்டிலுக்கும் மட்டைக்கும். கம்பெனி விடவில்லை. 2009 டிசம்பரில் போயிங் 787 முதன்முதலாகப் பறந்தபோது அதன் எடையில் பாதி இந்த மாதிரி இழைக் கலவைப் பொருள். இழை டோரேயுடையது. தூண்டிலில் இருந்து விமானம்வரை கிட்டத்தட்ட நாற்பது வருஷம். நம்மிடம் யாராவது நாற்பது வருஷம் ஒரே பொருளோடு மல்லுக்கட்டினால் என்ன சொல்வோம்? 'வேற வேலை கிடைக்கல போல' என்போம்.

இங்கேதான் விஷயம் நம் வீட்டுக்குள் வருகிறது. கவுன்சிலிங்கில் மெட்டலர்ஜி கிடைத்த பையனைத் துக்கம் விசாரிப்பது மாதிரி விசாரித்தது நம் தலைமுறை. கடல் கடந்து வந்தும் அந்தப் புத்தி மாறவில்லை. தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி மெட்டீரியல்ஸ் படிக்கப்போகிறேன் என்றாள். விருந்துக்கு வந்திருந்த அத்தனை மாமாக்களும் மாமிகளும் சேர்ந்து அவளைக் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாற்றப் பார்த்தார்கள். அதே மாமாக்கள்தான் அடுத்த ராக்கெட் கிளம்பும்போது கொடி எமோஜி போடப்போகிறவர்கள். ராக்கெட் வேண்டும், ஆனால் ராக்கெட் செய்யும் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும். என்னங்க நியாயம் இது?

சர்க்காரையும் சும்மா விட முடியாது. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம், 2020-21 கணக்குப்படி. தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 'மலிவு' என்று நாம் ஒவ்வொரு தடவை கைதட்டும்போதும் நிதி அமைச்சகத்தில் இருப்பவருக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. இவ்வளவு காசிலேயே முடிக்கிறார்களே, அப்புறம் எதற்குக் கூடுதலாக? நம் பாராட்டு அவர்கள் கழுத்தில் மாலையாக விழவில்லை, சுருக்காக விழுகிறது.

'நீ அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்கிறாயா' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு காரைக்குடிக் கதை சொல்கிறேன். மலாயாவிலும் இன்னும் பல இடங்களிலும் தொழில் செய்து சம்பாதித்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. அன்று முதல் அரிப்பு, மின்முலாம், பேட்டரி என்று அங்கே வேலை நடக்கிறது. கடல் கடந்து சம்பாதித்த பணம் துருவைப் பற்றிப் படிக்கும் ஒரு ஆய்வகத்துக்குப் போனது, அதுவும் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகும் முன்பே. நம்மால் முடியாதா?

நாம் என்ன செய்கிறோம்? படித்த காலேஜுக்குப் பணம் அனுப்புகிறோம். அது நுழைவாயில் வளைவாகவும் குளிரூட்டிய ஆடிட்டோரியமாகவும் மாறுகிறது, சுவரில் நம் பெயர் பொறித்த கல். அதே பணத்தில் இழுவிசை சோதனை இயந்திரம் ஒன்றைப் பழுது பார்த்து ஓடவைக்கலாம். அதை இயக்கத் தெரிந்த ஒரு லேப் டெக்னீஷியனுக்கு ஐந்து வருஷச் சம்பளம் கொடுக்கலாம். நிறைய காலேஜ்களில் மெஷின் உறை போட்டு மூடிக் கிடப்பது காசில்லாமல் அல்ல, ஆள் இல்லாமல். டெக்னீஷியன் சம்பளத்துக்குக் கல்வெட்டு வைக்கமுடியாது என்பதுதான் நம் சிக்கல் :-(

இது ஆந்திரா சமாச்சாரம், நமக்கென்ன என்று யாரும் தள்ளிப்போகவும் முடியாது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அங்கேயும் கடல், அங்கேயும் உப்புக்காற்று. நாளைக்கு அங்கே ஒரு தொட்டி விரிந்தால், ஏன் விரிந்தது என்று பார்த்துச் சொல்லப் பக்கத்து நெல்லையிலும் நாகர்கோவிலிலும் படித்த பிள்ளைகள் இருப்பார்களா? இல்லை, கேட்டில் செக்யூரிட்டியாகவும் கேன்டீனில் பரிமாறவும் மட்டும் இருப்பார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் இன்றைக்கு நாம் எந்தப் படிப்பைக் கேலி செய்கிறோம், எந்த லேபுக்குப் பணம் அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது.

ஆக, ஊரில் இருக்கிற, ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த ராக்கெட் போகும்போதும் தாராளமாகக் கைதட்டுங்கள், கொடி எமோஜி போடுங்கள், நானும் போடுவேன். ஆட்டோக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளை "அப்பா, அது எதுல செஞ்சது, ஏன் உருகல?" என்று கேட்டால், தெரியாவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து தேடுங்கள். அந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையைக் கம்ப்யூட்டர் பக்கம் விரட்டாதீர்கள். ஏரிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் மலிவானவர்கள் அல்ல, கெட்டிக்காரர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பாராட்டினால் அது பாராட்டே அல்ல.

பி.கு: 'சரி, அப்ப மெட்டீரியல்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா?' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: உலகத்தில் எதுவும் உடையாமல் இருக்கிற நாள் வரும்வரை கிடைக்கும் :-)